நடுங்காத பூஜ்ஜியம்

கோடு இப்படித் தொப்பென்று விழுகிறதே, கொஞ்சம் அழகாக இறக்கிக் கொடுக்கக் கூடாதா? வாடிக்கையாளர் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் போய் உயிர்பயம் வரும் என்று புள்ளி கனவிலும் நினைக்கவில்லை.

புள்ளி என்பது அவளுடைய பெயர் அல்ல. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்தால் சாப்பாடு இறங்காதவள் என்பதால் ஆபீசில் சூட்டிய பட்டம். மூன்றாவது மாடியில், ஏசிக் காற்று நேரே பிடரியில் அடிக்கும் மூலையில் அவளுக்கு மேஜை. அவளுடைய மேலதிகாரிக்கும் ஒரு பட்டம் உண்டு: அவசரம். எந்த வேலையையும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் கொடுத்ததில்லை. காப்பி மெஷின் ரிப்பேரானாலும் அவருக்கு அவசரம்தான்.

அன்று முற்பகல் அவர் அவளுடைய மேஜை விளிம்பில் வந்து சாய்ந்தார்.

"அந்தக் கழிவுநீர் ஆலைக்காரங்க திரும்பவும் போன் பண்ணிட்டாங்கம்மா. கோடு மலை மாதிரி ஏறி, திடீர்னு குப்புற விழுதாம். ஹெட் ஆபீஸ்ல பெரியவங்க பாக்குறப்போ அசிங்கமா இருக்காம். வளைஞ்சு நெளிஞ்சு இறங்குற மாதிரி பண்ணிக் குடு. லைப்ரரியில அதுக்கு வசதி இருக்குமே?"

"இருக்கு சார். ஒரு வார்த்தையை மாத்தினா போதும்."

"அப்ப ஏன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்க?"

"ஏன் விழுதுன்னு தெரியாம எப்படி சார் வளைக்கிறது?"

"அது விஷவாயும்மா. குறைஞ்சா சந்தோஷப்படணும். நீ என்னடான்னா துக்கம் விசாரிக்கிற." சிரித்துவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். "அவசரம்" என்ற வார்த்தை மட்டும் கதவு சாத்துவதற்கு முன்னால் வெளியே வந்து விழுந்தது.

அவர் சொன்ன லைப்ரரி புத்தகம் வைக்கிற இடம் அல்ல. எண்களை வரிசையாகக் கொடுத்தால் வலைப்பக்கத்தில் கோடாக வரைந்து காட்டும் ஆயத்த நிரல். அதை வைத்துத்தான் அந்த ஆலைக்கு அவள் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். ஆலையில் தரைக்கு அடியில் மூடிய தொட்டி. தொட்டிக்குள் வாயுவை அளக்கும் ஒரு சென்சார். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அளவை அனுப்பும். அளவு பத்துக்கு மேலே போனால் பக்கம் சிவப்பாகும், கூடவே ஒரு பீப் சத்தம் கேட்கும். கீழே இருந்தால் பச்சை. தொட்டி வாய்க்கு அருகே ஒரு கொட்டகையில் பெரிய டிவி மாட்டி, அதில் இந்தப் பக்கத்தைத்தான் ஓட விட்டிருந்தார்கள். சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. பச்சை என்றால் இறங்கலாம்.

இறங்குகிறவர்களில் முதல் ஆள் அவளுடைய அக்கா புருஷன்.

அந்த ஆலையில் தொட்டி சுத்தம் செய்யும் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. அக்கா வீட்டில்தான் புள்ளி தங்கியிருந்தாள். அன்று காலையில்கூட, வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே மாமா வம்புக்கு இழுத்தார்.

"இன்னிக்கு உள்ள இறங்குறோம் பாப்பா. உன் டிவி பச்சை காட்டினா தொட்டிக்குள்ள போவேன். செவப்பு காட்டினா வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட திட்டு வாங்குவேன். எது ஆபத்துன்னு நீயே சொல்லு."

"காதுல விழுது!" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

முன்பெல்லாம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன வாயுமானி ஒன்று இருந்தது. அது ரிப்பேருக்குப் போனது. அதுதான் டிவி வந்துவிட்டதே, இன்னொன்று எதற்கு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மாமா அதைச் சொன்னபோது புள்ளிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஆள் இறங்காமல் மேலிருந்தே சேற்றைக் கிளறிய கடந்த நான்கு நாட்களின் கோட்டை எடுத்துப் பார்த்தாள். வாடிக்கையாளர் சொன்னது சரிதான். முப்பது, ஐம்பது, எண்பது, தொண்ணூற்றைந்து என்று ஏறுகிறது. அடுத்த அளவு பூஜ்ஜியம். நடுவில் ஒன்றுமில்லை. மொட்டை மாடியிலிருந்து கல்லைப் போட்ட மாதிரி.

முதலில் நேரத்தைச் சந்தேகப்பட்டாள். சென்சார் நேரத்தை நொடியில் சொல்லும். லைப்ரரிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்குச் சொல்ல வேண்டும். பெருக்க மறந்தால் இன்றைய கோடு அரை நூற்றாண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தாள். நேரம் சரி. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வந்திருக்குமோ? அதுவும் இல்லை. ஒரே அளவு இரண்டு முறை பதிவாகி வரிசை குழம்பியிருக்குமோ? இல்லை. எல்லாம் ஒழுங்காக நின்றன.

அப்புறம்தான் அந்தப் பூஜ்ஜியங்களை உற்றுப் பார்த்தாள்.

தொட்டி சும்மா கிடக்கிற நாட்களில் சென்சார் பூஜ்ஜியம் சொல்வதே இல்லை. பூஜ்ஜியம் புள்ளி மூன்று, புள்ளி நான்கு, மறுபடி புள்ளி இரண்டு. உயிருள்ள கருவி எதுவும் லேசாக நடுங்கும். ஆனால் மலை உச்சியிலிருந்து விழுந்த இந்தப் பூஜ்ஜியங்கள் நடுங்கவில்லை. வரிசையாக, வழவழவென்று, இஸ்திரி போட்ட மாதிரி படுத்திருந்தன.

காற்றை அளந்து வந்த பூஜ்ஜியம் இப்படி இருக்காது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

கேள்வியைக் கேட்ட கணத்திலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

சில வாரங்களுக்கு முன்பு, ஆலைக்காரர்களுக்கு முதன்முதலாகப் பக்கத்தைக் காட்டிய நாள். திரை வெள்ளையாக நின்றது. கோடே வரவில்லை. தோண்டிப் பார்த்தால், சென்சாரைப் போட்டு எழுப்பும் நேரத்தில் அது எண்ணுக்குப் பதில் வெறும் கோட்டுக்குறி ஒன்றை அனுப்பியிருந்தது. லைப்ரரிக்கு எண் அல்லாத எதைக் கொடுத்தாலும் அது முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். "எண்ணா இல்லாததை எல்லாம் பூஜ்ஜியமாக்கிடும்மா, ஆளுங்க வந்து உக்காந்துட்டாங்க, அவசரம்!" என்று அவர் காதோரம் கிசுகிசுத்தார். ஒரே ஒரு வரி. அவள்தான் எழுதினாள். கோடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வரி இன்றும் அங்கேயே இருந்தது.

சென்சார் அனுப்பிய மூலப் பதிவைத் திறந்தாள். தொண்ணூற்றைந்துக்கு அடுத்த வரியில் எண் இல்லை. மேல்நோக்கிய மூன்று கூரைக்குறிகள் மட்டும் இருந்தன. ^^^. அதற்கடுத்த வரியிலும் அவையே. அதற்கடுத்த வரியிலும் அவையே. சென்சாரோடு வந்த விளக்கக் கையேட்டைத் தேடி எடுத்தாள். 'அளவு நூறைத் தாண்டிவிட்டது. கருவியால் மேற்கொண்டு அளக்க இயலாது.'

நூறு வரை கோடு சரியாகத்தான் ஏறும். நூறைத் தாண்டி, கருவியே கையை விரிக்கும் அளவுக்கு விஷம் நிறைந்தால், அவள் எழுதிய வரி அதைப் பூஜ்ஜியம் என்று மாற்றும். பக்கம் பச்சையாகும். பீப் சத்தம் நின்றுபோகும்.

மின்விசிறியை ஓடவிட்டு, சேற்றைக் கிளறி, வாயு வெளியேறக் காத்திருப்பார்கள். கிளறக் கிளற அளவு ஏறும், சிவப்பு. பிறகு ஒரே அடியாகப் பச்சை. விசிறி வேலை செய்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமாவும் அப்படித்தான் நினைப்பார்.

மூக்கு காப்பாற்றும் என்றும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது மாமா சொல்லியிருந்தார்: அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும், அதிகமானால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துப்போகும்.

நேரலைப் பக்கத்தைத் திறந்தாள்.

பச்சை. கீழே, அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு, வழவழவென்று ஒரு பூஜ்ஜியம். நடுக்கமே இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டாள். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தீப்பொறி பட்டால் தொட்டியே வெடிக்கும் என்று, ஆலைக்குள் போகிற எல்லோருடைய போனையும் கேட்டிலேயே ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். இப்போது அந்தப் பெட்டிக்குள் மாமாவின் போன் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும்.

கட்டுப்பாட்டு அறை நம்பர் ஒப்பந்தத் தாளில் இருந்தது. போட்டாள். மணி போனது. எடுக்க ஆளில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்கும் நாளில் ஆபரேட்டர் அறையில் இருக்க மாட்டார்; தொட்டி வாயில்தான் நிற்பார், டிவியைப் பார்த்தபடி.

அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமா ஆலை கேட் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"எதுக்குடி?"

"சும்மாதான். ஆபீஸ் வேலை."

"கேட் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? அவரு போனுக்கே போடேன். ஓ, இன்னிக்கு உள்ள இறங்குறாங்களே, எடுக்க மாட்டாரு. மதியத்துக்கு மேல கேட்டுக்கோ. ஏண்டி, உன் குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏசி, அக்கா." போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். சொல்ல வந்தது வரிசையாக வரவில்லை. கூரைக்குறி, நூறு, பூஜ்ஜியம், பச்சை, மாமா என்று துண்டு துண்டாகக் கொட்டினாள். அவசரம் முதலில் சிரிக்கத் தயாரானவர், பாதியிலேயே நிறுத்தினார். முகம் வெளுத்தது.

"நான்தானே போடச் சொன்னேன்," என்றார், யாரிடமோ கேட்பது போல.

"எழுதினது நான் சார். அதை அப்புறம் பாக்கலாம். அங்க ஆள் உள்ள இருக்காங்க."

ஆலையின் மேனேஜருக்குப் போன் போட்டார். ஹெட் ஆபீசில் ஓர் உதவியாளர் எடுத்தார். சார் மீட்டிங்கில் இருக்கிறார், எந்த விஷயமானாலும் மெயில் அனுப்புங்கள். "மெயிலா? ஆளுங்க செத்துருவாங்கய்யா!" என்று அவசரம் கத்தினார். லைன் காத்திருக்கும் இசைக்கு மாறியது. பியானோ வாசித்தார்கள்.

"நிரலை மாத்து. அந்த வரியை எடுத்துட்டுப் புதுசா ஏத்து, இப்பவே."

"ஏத்தினாலும் அங்க போகாது சார். அந்த டிவியில பக்கம் திறந்தபடியே கிடக்கு. யாராவது அணைச்சுப் போட்டாத்தான் புது நிரல் போகும். அதுவரைக்கும் பழைய வரிதான் ஓடும்."

"அப்ப அந்த டிவிக்குப் போறது எதுவுமே இல்லையா?"

போகிறது. ஒன்றே ஒன்று போகிறது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் இவர்களுடைய சர்வரிடம் கையை நீட்டிப் புது எண் வாங்கிக்கொள்கிறது.

"எண் போகுது சார். சர்வர்லயே பிடிச்சு, கூரைக்குறி வந்தா நூறுன்னு மாத்தி அனுப்பிடலாம். அது எண்தானே, பழைய வரி அதைத் தொடாது. கோடு எகிறும், செவப்பாகும், சத்தம் வரும்."

அவசரம் தயங்கினார். பிறந்ததிலிருந்து தயங்காத மனிதர், அப்போது பார்த்துத் தயங்கினார். "அளந்து வந்த எண்ணுல கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கும்மா. அதுக்குத்தான் ரெண்டு பேர் ஒப்புதல் வெச்சிருக்கோம். நூறுன்னு எந்தச் சென்சாரும் சொல்லல. அளக்காத எண்ணை நாம எப்படி எழுதுறது?"

"பூஜ்ஜியத்தையும் யாரும் அளக்கலையே சார்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "போ. எழுது. நான் அழுத்துறேன்."

எழுத வேண்டியது ஒரே வரி. அதை அவள் மூன்று தரம் தப்பாக அடித்தாள். அடைப்புக்குறியை மூட மறந்தாள், மூடினாள். அவள் தோளுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. "நிதானமா, நிதானமா," என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த ஆபீஸ் அதுவரை கேட்டதில்லை. அவள் ஏற்றினாள். அவர் தன் இடத்துக்கு ஓடி ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

யார் வந்து எண் வாங்குகிறார்கள் என்று காட்டும் சர்வரின் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டாள். தொட்டி வாய் டிவி வந்து கை நீட்டியது. எண்ணை வாங்கிக்கொண்டு போனது. நூறு.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் பார்க்க முடிந்தது ஒன்றுமில்லை.

அடுத்த தடவை வந்தது. நூறு. மறுபடி வந்தது. நூறு. டிவிக்கு என்ன தெரியும்? பார்க்க ஆள் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். ஆபரேட்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாரோ? விசிறி இரைச்சலில் பீப் சத்தம் காதில் விழவில்லையோ? திரை பழுதாகிவிட்டது என்று தலையில் தட்டிப் பார்க்கிறாரோ? தொட்டியின் இரும்புப் படிகளை மாமா ஒருநாள் சுவரில் விரலால் வரைந்து காட்டியிருந்தார். மேலே வாய், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை, அதற்குக் கீழே சேறு. அவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார்?

போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்துப் பார்த்தாள். அக்கா. எடுக்கவில்லை. என்ன சொல்வது? நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் அக்கா. ஏசி என்று சொன்னதை அவள் நம்பவில்லை போல. புள்ளி போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்ந்தபடியே அது மேஜையில் வண்டு மாதிரி நகர்ந்தது.

அவசரம் இன்னமும் காதில் பியானோவை வைத்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

திரும்பவும் போன். இந்த முறை தெரியாத எண். பக்கத்தின் அடியில் உதவிக்கு என்று அவளுடைய நம்பர்தான் போட்டிருந்தது.

"ஏம்மா, அந்தச் சார்ட்டு போட்ட ஆபீஸா?" ஒரு கரகரத்த குரல் எடுத்த எடுப்பிலேயே எகிறியது. "நான் ஆலை ஆபரேட்டர். கேட்டுலேருந்து பேசுறேன். என்னம்மா பக்கம் பண்ணி வெச்சிருக்கீங்க? பச்சையா இருந்தது பொசுக்குனு செவப்பாகி நூறைக் காட்டுது! கத்து கத்துன்னு கத்துது! ஆளுங்களை எல்லாம் மேல ஏத்திட்டு, இங்க ஓடி வந்து மூச்சு வாங்குறேன். வேலை நின்னுபோச்சு. யாரு பதில் சொல்றது?"

"எத்தனை பேர் மேல வந்தாங்க?"

"என்னது?"

"உள்ள எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் வெளிய வந்தாங்க? அதைச் சொல்லுங்க சார்!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்முனையில் கோபம் ஒரு படி இறங்கியது. "மூணு பேரு போனாங்க. மூணு பேரும் வந்துட்டாங்க. நடு மேடையில நின்னு பம்பு இறக்கிக்கிட்டிருந்தாங்க, கீழ போகல. ஒருத்தன் வாந்தி எடுக்குறான். மேஸ்திரிக்குத் தலை சுத்துதாம், சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு." நிறுத்தினார். குரல் மாறியது. "ஏம்மா... அந்த நூறு நெசம்தானா?"

"நூறுக்கும் மேல சார். எவ்வளவுன்னு எங்களுக்கும் தெரியாது. யாரையும் பக்கத்துல விடாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பச்சையே காட்டினாலும் போகாதீங்க, நாங்க நேர்ல வந்து சொல்ற வரைக்கும்."

ஒரு கெட்ட வார்த்தை கேட்டது, அவளைப் பார்த்துச் சொன்னது அல்ல. ஓடும் காலடிச் சத்தம். யாரையோ அதட்டும் சத்தம். போன் யார் யார் கைக்கோ மாறியது. பிறகு ஒரு மூச்சு. நீளமாக, கனமாக, நடுவில் இருமலோடு.

"பாப்பா?"

"மாமா."

"நாத்தமே இல்ல பாப்பா." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "படியில இறங்குறப்போ முதல்ல லேசா அடிச்சுது. அப்புறம் ஒண்ணுமே இல்ல. நல்லா சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சேன். பசங்களையும் கூப்பிட்டேன். பச்சையா இருந்துது, அதான் இறங்கினேன். திடீர்னு மேல சத்தம் போடுறாங்க. காலு சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. புடிச்சு இழுத்தாங்க." இருமினார். "என்ன பாப்பா ஆச்சு? உன் டிவி எப்ப நெசம் சொல்லுச்சு? பச்சையிலயா, செவப்புலயா?"

பொய் சொல்ல இடமிருந்தது. சென்சார் கோளாறு என்று சொல்லலாம். அவர் நம்புவார், அவள் சொன்னால் எதையும் நம்புகிற மனிதர்.

"பச்சை தப்பு மாமா. நான் எழுதின தப்பு. அளவு எல்லை மீறிப் போனா பூஜ்ஜியம்னு காட்டுற மாதிரி எழுதிட்டேன். இப்பதான் கண்டுபிடிச்சேன்."

எதிர்முனையில் மூச்சு மட்டும் வந்து போனது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வருகிறது, போகிறது. அது நிற்காத வரைக்கும் அவர் என்ன திட்டினாலும் சரி.

"ம்," என்றார் கடைசியில். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "ஆலை வண்டியே வந்துடுச்சு. அந்தப் பையனை முதல்ல ஏத்தணும். வாந்தி நிக்கல." பிறகு, போனை யாரிடமோ கொடுப்பதற்கு முன்னால்: "உங்க அக்காகிட்ட நீ எதுவும் சொல்லிவைக்காத. நான் வந்து பக்குவமா சொல்லிக்கிறேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

வருகைப் பதிவில் டிவி இன்னமும் வந்து வந்து கை நீட்டியது. நூறு. நூறு. நூறு. அவசரம் அவள் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"இதே வரியை வேற எங்கெல்லாம் போட்டிருக்கோம்?" என்று கேட்டார், மிகவும் மெதுவாக.

"தேடணும் சார்."

"நான் தேடுறேன். நீ கொஞ்சம் தண்ணி குடி."

அவள் குடிக்கவில்லை. தம்ளரைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதும் அவை நடுங்கின.

கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி மேஜையில் நகரத் தொடங்கியது. திருப்பிப் பார்க்காமலே யார் என்று அவளுக்குத் தெரியும். மாமா சொன்னது காதிலேயே இருந்தது. பக்குவமாகச் சொல்வாராம். தலை சுற்றச் சுற்ற ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளுடைய தப்பைத் தன் தப்பு மாதிரி மாற்றிச் சொல்வார்.

எடுத்தாள்.

"எத்தனை வாட்டிடி கூப்பிடுறது? என்னடி ஆச்சு?" அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, மாமா உயிரோட நல்லா இருக்கார். இப்பதான் பேசினேன். முதல்ல அதைக் கேட்டுக்கோ," என்றாள் புள்ளி. "மத்ததையும் சொல்றேன். உக்காந்துக்கோ."